இடைகழி இருளில் நெருக்கிய எம்பெருமான்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அந்தி சாய்ந்து, இல்லத்தில் திருவிளக்கு ஏற்றியான பிறகு, ஆறு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கொல்லைக் கிணற்றடியில் மறந்து வைத்த செம்பை எடுத்து வரும்படி சொன்னாள் அவன் தாய். பகலில் பத்து முறை அவன் ஓடி வரும் இடந்தான் அது. ஆயினும் அப்பொழுது அவன் கூடத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நகர மறுத்தான். "அங்கே யாரோ இருக்கிறார்கள்" என்றான். "ஆண்பிள்ளை அஞ்சலாமா?" என்று தகப்பனார் கடிந்துகொண்டார். "முரண்டு பிடித்தால் பூதம் வந்து பிடித்துக்கொண்டு போகும்" என்று பாட்டியார் மிரட்டினார். சிறுவனின் நடுக்கம் இரட்டித்தது.

அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின்னர், அதே பாட்டியார் தம் படுக்கையருகே வைத்த சிறு விளக்கு அணையாமல் எரிகிறதா என்று இரு முறை எழுந்து பார்த்துக்கொண்டார். பாட்டனார் பரமபதித்து ஓராண்டு நிறையவில்லை. ஐம்பது ஆண்டுக் காலம் பக்கத்தில் கேட்டுப் பழகிய மூச்சொலி இல்லாத இருட்டறை அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. இதனை அவர் எவரிடமும் சொன்னதில்லை.

சிறுவனுடைய அச்சத்தைக் கண்டு வீடு நகைத்தது. பாட்டியாருடைய அச்சத்தை வீடு அறியவேயில்லை. இப்படிப்பட்ட இல்லங்கள் எத்தனையோ உண்டு. இருளுக்கு அஞ்சுவது குழந்தைப் பருவத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. வயது ஏற ஏற அது வேறு பெயரைச் சூடிக்கொண்டு உள்ளே ஒளிந்துகொள்கிறது. ஆகவே இதனைச் சிறு பிள்ளைகளின் காரியம் என்று தள்ளாமல், ஆழ்வார்களும் ஆசார்யர்களும் காட்டிய வழியில் ஆராய்ந்து பார்ப்பது அடியார்களுக்கு நலம் பயக்கும்.

அச்சத்தின் இரு முகங்கள்

இருளில் புதிதாக ஒரு பொருளும் வந்து சேர்வதில்லை. பகலில் இருந்த கிணறு, துளசி மாடம், துணி உலரும் கொடி, வாழை மரம் ஆகிய யாவும் இரவிலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கண்ணுக்கு அவை புலப்படாமற் போகின்றன, அவ்வளவே. ஆனால் கண் கைவிட்ட இடத்தை மனம் சும்மா விடுவதில்லை. கொடியில் தொங்கும் வேட்டியை ஆளாக்குகிறது. சருகின் அரவத்தைக் காலடியாக்குகிறது. தனக்குள் முன்பே தங்கியிருந்த கலக்கங்களை எடுத்து வெளியிருளில் எழுதிப் பார்க்கிறது. கூர்ந்து நோக்கினால், ஒவ்வொருவரும் இருளில் காண்பது தத்தம் நெஞ்சில் உள்ளதையே என்பது புலனாகும்.

இக்காலத்து மருத்துவ நூலார் கூறுவதும் இதற்கு மாறானதன்று. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் புகுந்த கண், அவ்விருளுக்கு முழுவதும் பழகுவதற்கு ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகின்றன. புகுந்தவுடன் மையாகத் தோன்றும் இடமே, பொறுத்து நிற்பவனுக்குச் சிறிது சிறிதாக உருவம் காட்டத் தொடங்குகிறது. இரவில் இரை தேடும் விலங்குகளைப் போன்ற பார்வை மனிதனுக்கு அமையவில்லை. ஆதலால் இருளில் எச்சரிக்கை கொள்வது அவனுடைய உடம்போடு பிறந்த காவல். குழந்தைக்குக் கற்பனை வளரும் பருவத்தில் அக்காவல் அளவு மீறி எழுந்து நிற்கிறது. இதில் வெட்கப்படுவதற்கோ தண்டிப்பதற்கோ ஒன்றும் இல்லை.

இவ்வச்சத்திற்கு இரு முகங்கள் உள்ளன. சிறுவன், "யாரோ இருக்கிறார்கள்" என்று அஞ்சினான். பாட்டியார், "ஒருவரும் இல்லையே" என்று அஞ்சினார். ப்ருஹதாரண்யக உபநிஷத்து, தனித்திருப்பவனுக்கு அச்சம் உண்டாவதையும், தன்னின் வேறான இரண்டாவது ஒருவனால் அச்சம் உண்டாவதையும் அடுத்தடுத்தே பேசுகிறது. உடன் ஒருவர் இருந்தாலும் அச்சம், இல்லாவிட்டாலும் அச்சம் என்றால் மனிதனுக்குப் புகலிடம் யாது? இவ்விரண்டு அச்சத்தையும் ஒருங்கே தீர்க்கும் ஒருவன் வேண்டும். அவன் பிறனாகவும் இருக்கலாகாது, பிரிந்தும் இருக்கலாகாது.

இருளும் அவன் திருமேனி

அப்படிப்பட்டவனை அதே உபநிஷத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணம் காட்டித் தருகிறது. உத்தாலகர் என்னும் முனிவர் வினவ, யாஜ்ஞவல்க்யர் விடையளிக்கிறார். நிலம், நீர், தீ, வானம், காற்று, கதிரவன், திசைகள், திங்களும் விண்மீன்களும் என ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றினுள்ளே உறைந்து அவற்றை நடத்துபவன் எம்பெருமான் என்றும், அவையெல்லாம் அவனுக்குச் சரீரம் என்றும் சொல்லிக்கொண்டு வருகிறார். அவ்வரிசையில் இருளையும் அவர் விட்டுவிடவில்லை. இருளினுள்ளேயும் அவன் உறைகிறான். இருளும் அவனுக்குச் சரீரம். இருளோ அவனை அறியாது. இருளைச் சொன்ன பின்னரே ஒளியைச் சொல்கிறார்.

சரீர சரீரி பாவம் என்னும் ஸ்ரீராமாநுஜ ஸித்தாந்தத்தின் உயிர்நிலை இந்த ப்ராஹ்மணம். இதனைக் கற்கும் பெரியோர்கள் நிலத்தையும் நீரையும் அவன் திருமேனியாக எண்ணி உருகுவார்கள். கொல்லைப்புறத்து இருட்டும் அவ்வாறே அவன் திருமேனி என்பதை எண்ணுவார் சிலரே. ஒளியில் மட்டும் இறைவன் இருக்கிறான், இருள் அவனுக்கு அயலானது என்று கொண்டால், நாள்தோறும் பாதிப் பொழுது அவன் ஆட்சிக்குப் புறம்பாய்விடும். வேதம் அங்ஙனம் சொல்லவில்லை. விளக்கு அணைந்தவுடன் அவன் அகன்று போவதில்லை. காண்பவனுடைய கண் ஒன்றே அகன்று போகிறது.

இஃது ஏட்டளவில் நிற்கும் தத்துவமாகிவிடாமல், ஓர் இரவில் மூன்று மஹான்களின் உடம்பில் பட்டு உணரப்பட்டது. அந்த இடம் திருக்கோவலூர்.

திருக்கோவலூர் இரவு

தென்பெண்ணைக் கரையில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது இத்திவ்யதேசம். ஓரடி மண்ணில் ஊன்றி, மற்றோர் அடி விண்ணளாவத் தூக்கி, உலகளந்த திருக்கோலத்தில் எம்பெருமான் இங்கே எழுந்தருளியிருக்கிறான். ஆயன் என்பதும் இங்கு அவனுக்குத் திருநாமம்.

பொய்கையாழ்வார் காஞ்சித் திருவெஃகாவில் ஒரு பொய்கைத் தாமரையிலும், பூதத்தாழ்வார் கடல்மல்லையில் குருக்கத்தி மலரிலும், பேயாழ்வார் திருமயிலையில் செவ்வல்லி மலரிலும் அவதரித்தவர்கள். ஐப்பசித் திங்களில் திருவோணம், அவிட்டம், சதயம் என அடுத்தடுத்த மூன்று நாட்கள் இவர்களுடைய திருநக்ஷத்திரங்கள். அவதாரத்தில் இத்துணை நெருங்கியவர்களாயினும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஓரிடத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்காமல், தனித்தனியே திரிந்து வந்தார்கள்.

ஓரிரவு திருக்கோவலூரில் பெருமழை பிடித்தது. கைநீட்டினால் கை தெரியாத இருள். முதலில் வந்த பொய்கையார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிச் சாய்ந்தார். ரேழி என்று இக்காலத்தார் சொல்லும் அவ்விடம், ஒருவர் படுக்கும் அளவே கொண்டது. நனைந்து வந்த பூதத்தார் இடம் கேட்டபோது, ஒருவர் கிடக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் என்று சொல்லிப் பொய்கையார் எழுந்து அமர்ந்தார். அதன் பின் பேயார் வந்து கேட்கவே, இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றார்கள்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நள்ளிரவு, கொட்டும் மழை, முகம் தெரியாத இருள், கதவருகே முன்பின் அறியாத ஒரு குரல். இந்நிலையில் உலகத்தார் செய்வது தாழ்ப்பாளை இறுக்குவதே. "யாரோ இருக்கிறார்கள்" என்ற உணர்வு வந்தவுடன் உடம்பு சுருங்குகிறது, கதவு அடைபடுகிறது. ஆழ்வார்களோ அந்த "யாரோ" ஒருவருக்காகத் தாம் கிடந்த இடத்தைக் குறுக்கிக்கொண்டார்கள். அச்சம் தனக்கு இடம் தேடும். அன்பு பிறருக்கு இடம் விடும். அன்றிரவு நிகழ்ந்த அற்புதம் அனைத்திற்கும் வாசல் திறந்தது இச்செயல்தான்.

மூவரும் பகவத் குணங்களைப் பேசி நின்ற வேளையில், நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தார்கள். தோளோடு தோள் உரசுகிறது, மூச்சு முட்டுகிறது, ஆனால் ஆள் தெரியவில்லை. கொல்லைப்புறம் போக மறுத்த சிறுவன் சொன்னதும் இதையே அன்றோ? இருளில் கண்ணுக்குத் தெரியாத யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு ஆழ்வார்களுக்கும் வந்தது. அதற்கு அவர்கள் ஓடவில்லை, கண்ணை மூடிக்கொள்ளவில்லை, வந்தவரைத் துரத்தவும் முற்படவில்லை. வந்தவர் யார் என்று பார்க்க விளக்கு ஏற்றினார்கள்.

பொய்கையார் ஏற்றியது இவ்வுலகத்தையே விளக்காகக் கொண்ட விளக்கு. நிலம் அதற்கு அகல், சூழ்ந்த கடல் நெய், கதிரவன் சுடர். படைப்பைக் கண்டு படைத்தவனை அறியும் அறிவின் ஒளி அது. பூதத்தார் ஏற்றிய விளக்குக்கோ அன்பு அகலாயிற்று, ஆர்வம் நெய்யாயிற்று, உருகும் உள்ளம் திரியாயிற்று. இவ்விரு விளக்கொளியில் பேயார் கண்டார். நெருக்கியவன் கள்வனும் அல்லன், பகைவனும் அல்லன். மூவுலகையும் ஈரடியால் அளந்தும் இடம் போதாதிருந்தவன், மூவர் நிற்கும் இடைகழியில் நான்காமவனாக இடம் பிடித்துக்கொண்டு நின்றான். ஆலையில் அகப்பட்ட கரும்பு போல அடியார்களிடையே நெருக்குண்பதே அவனுக்கு இன்பமாயிற்று என்று பெரியோர்கள் ரஸிப்பதுண்டு.

தாம் கண்டதைச் சொல்லத் தொடங்கிய பேயாழ்வார், முதலில் எடுத்துச் சொன்னது பெரிய பிராட்டியாரை. திருமேனியின் பொன்னிறமும், ஆழியும், சங்கமும் அதன் பின்னரே. இருளில் விழித்து அழும் குழந்தை முதலில் தேடுவது தாயின் முகத்தை. அகில உலகத்துக்கும் தாயானவளின் முகமே ஆழ்வாருக்கும் அவ்விருளில் முதலில் தென்பட்டது. அம்முகத்தைக் கண்ட பின் அருகில் நிற்கும் தந்தையிடம் அஞ்ச என்ன இருக்கிறது?

அவ்விரவில் பிறந்தவையே மூன்று திருவந்தாதிகள். ஒவ்வொன்றும் நூறு வெண்பாக்கள். நாதமுனிகள் தொகுத்தருளிய திவ்யப் பிரபந்தத்தில் இயற்பாவின் தொடக்கமாக அவை விளங்குகின்றன. ஆழ்வார்களுடைய அருளிச்செயல் ஓர் இருட்டறையிலிருந்து புறப்பட்டது என்பது மறக்கத்தக்கதன்று.

பூதமும் பேயும்

இருட்டைக் காட்டிக் குழந்தைகளை அச்சுறுத்துவோர் வழக்கமாகச் சொல்லும் பெயர்கள் இரண்டு: பூதம், பேய். திருக்கோவலூர் இருளில் நின்ற மூவருள் இருவருடைய திருநாமங்களும் இவையே! எம்பெருமானை அறிந்ததாலேயே உளரானவர் என்னும் பொருளில் பூதத்தார் அத்திருநாமம் பெற்றார் என்பர். பகவத் பக்தியின் மிகுதியால் உலகத்தார் கண்ணுக்குப் பித்தரைப் போலத் தோன்றியவர் ஆதலால் பேயார் ஆனார். இச்செய்தியைக் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தால், இருளில் பூதமும் பேயும் வருவார்கள் என்று யாரேனும் மிரட்டும்போது, "வரட்டுமே, பெருமாளையும் உடன் அழைத்து வருவார்கள்" என்று அக்குழந்தை கைகூப்பும்.

வட்டிலை எறிந்த இரவு

இருளச்சத்திற்கு மற்றொரு வேரும் உண்டு. அதனைக் கூரத்தாழ்வானுடைய சரித்திரம் தெளிவாக்குகிறது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராக வாழ்ந்த அவர், அனைத்தையும் துறந்து, எம்பெருமானாருடைய திருவடிகளை நாடித் தம் தேவியாரான ஆண்டாளுடன் திருவரங்கத்துக்கு நடந்தார். காட்டு வழியில் இருள் சூழ்ந்தது. "இங்கே பயம் ஏதும் உண்டோ?" என்று ஆண்டாள் வினவினார். "மடியில் கனம் இருந்தாலல்லவோ பயம்? ஏதேனும் கொண்டு வந்தாயோ?" என்று கேட்டார் ஆழ்வான். அவர் அமுது செய்வதற்காகப் பொன் வட்டில் ஒன்றை மட்டும் எடுத்து வந்ததாக ஆண்டாள் தயங்கிச் சொன்னார். ஆழ்வான் அதனை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு, இனிப் பயமில்லை, நடக்கலாம் என்றார்.

காடும் மாறவில்லை, இருளும் மாறவில்லை. நெஞ்சில் சுமந்த பொருள் ஒன்று இறங்கியது. அச்சமும் உடன் இறங்கியது. இரவில் உறக்கம் பிடிக்காமல் புரளும் பெரியவர்கள், அறையின் மூலையில் எதைத் தேடி அஞ்சுகிறார்கள்? கடன், நோய், பிள்ளைகளின் எதிர்காலம், பிரிந்தவர்களின் நினைவு, தம் முடிவைப் பற்றிய ஐயம். பகலின் சந்தடியில் மூடிக்கிடந்த இவை விளக்கணைந்ததும் எழுந்து நடமாடுகின்றன. எல்லாப் பொருளையும் எறிந்துவிட இல்லறத்தாரால் இயலாது. ஆனால் "இவற்றைக் காப்பவன் யானே" என்ற எண்ணமாகிய வட்டிலை எம்பெருமான் திருவடியில் வைத்துவிட்டுப் படுக்க எவராலும் இயலும். சரணாகதியின் ஒரு சிறு துளி அது.

அந்த ஆழ்வானுக்கே பிற்காலத்தில் விடியாத இருள் ஒன்று வாய்த்தது. தம் ஆசார்யனைக் காப்பதற்காக அவருடைய இடத்தில் தாம் சோழன் அவைக்குச் சென்று, இரு கண்களையும் இழந்தார். அதன் பின் அவருக்குப் பகலும் இரவும் ஒன்றே. அவ்விருளில் இருந்துகொண்டு அவர் திருமாலிருஞ்சோலை அழகரை ஸுந்தரபாஹு ஸ்தவத்தால் துதித்தார். காஞ்சிப் பேரருளாளன் வரமளிக்க முன்வந்தபோது, தம் கண் போகக் காரணமாயிருந்த நாலூரானும் தாம் பெறும் பேற்றைப் பெற வேண்டும் என்றே வேண்டினார். கண்ணை இழந்தவர் பகையையும் இழந்திருந்தார். பகையில்லாத நெஞ்சில் இருளச்சம் குடிபுக இடமில்லை.

இல்லத்தில் செய்யத்தக்கது

இவற்றிலிருந்து அடியார்கள் கைக்கொள்ளத்தக்கவை சில உண்டு. குழந்தையை இருட்டறையில் அடைத்துத் தண்டித்தல் கூடவே கூடாது; பூதம், பூச்சாண்டி என்று மிரட்டுதலும் தகாது. "அங்கே ஒன்றுமில்லை" என்று வாதிடுவதும் குழந்தைக்குப் பயன் தருவதில்லை. அதன் கையைப் பிடித்துக்கொண்டு இருளுக்குள் சென்று, கண் பழகும் வரை உடன் நின்று, இது துளசி மாடம், இது வாழை என்று தொட்டுக் காட்ட வேண்டும். முதல் நாள் கைப்பிடித்து, மறுநாள் இரண்டடி பின்னின்று, பிறகு வாசற்படியில் நின்று குரல் கொடுத்து, இப்படிப் படிப்படியாகப் பழக்கினால் அச்சம் தானே தேயும்.

விளக்கு வைத்துக்கொள்வதும் குறையன்று. பாம்பும் பள்ளமும் உள்ள இடத்தில் கைவிளக்கு இன்றிச் செல்வது பக்தியும் ஆகாது, துணிவும் ஆகாது. ஆழ்வார்களே விளக்கேற்றியவர்கள் அல்லரோ? அச்சம் உறக்கத்தையும் உடல்நலத்தையும் கெடுக்கும் அளவுக்கு முற்றினால் மருத்துவரை நாடுவதே முறை. அவருள்ளிருந்து உதவுபவனும் அந்தர்யாமியே. தனித்துறங்கும் முதியவர்களின் அருகே ஒரு பேரனோ பேத்தியோ படுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்வது, ஒரு பெரிய கைங்கர்யத்துக்கு ஒப்பாகும். படுக்கப் போகுமுன் திருநாமம் சொல்லும் வழக்கம் குழந்தைக்கும் முதியவருக்கும் பொதுவான துணை.

முதலில் சொன்ன இல்லத்தில், பிறிதொரு நாள் திருக்கோவிலில் முதலாழ்வார்களின் சரித்திரத்தைக் கேட்டு வந்த பாட்டியார், அன்றிரவு மின்சாரம் நின்றபோது பேரனை மடியருகே அழைத்தார். "உன்னை மிரட்டினேனே, எனக்கும் இருட்டு பயந்தானடா" என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். பின்பு இடைகழிக் கதையைச் சொன்னார். சிறுவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கதை முடிந்தும் மின்சாரம் வரவில்லை. இருட்டில் அவன் மெல்ல நகர்ந்து, "பாட்டி, கொஞ்சம் தள்ளி உட்கார், பெருமாளுக்கு இடம் வேண்டாமா?" என்றான். பாட்டியார் தள்ளி உட்கார்ந்தார். அன்றிரவு அவர் படுக்கையருகே விளக்கு இருந்ததா, அணைந்ததா என்று எழுந்து பார்க்கவில்லை.

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் இரவில் புறப்பாடு கண்டருள்கிறான். தீவட்டிகளின் நடுவே வீதி வீதியாக எழுந்தருளி, இருண்ட திண்ணைகளையும் குறுகிய சந்துகளையும் கடாக்ஷிக்கிறான். புறப்பாடு முடிந்து தீவட்டிகள் அணைந்த பின்னும் அவனுடைய அபய ஹஸ்தம் அப்படியே உயர்ந்திருக்கிறது. ஸேவித்துவிட்டு வீடு திரும்பும் அடியார்கள், தத்தம் இல்லத்து இடைகழியைக் கடக்கையில், அவ்விருளில் தங்களை நெருக்கி நிற்பவன் யார் என்பதை நினைவு கூர்வார்களாக. குழந்தைகளும் முதியோரும் அச்சமின்றி உறங்கி, எம்பெருமான் திருநாமத்துடன் விழித்தெழ, உலகளந்தவன் திருவருளும் பிராட்டியின் கடாக்ஷமும் துணை நிற்குமாக.

சுபம்.